ஆண் வழுக்கைக்குப் புதிய மேற்பூச்சு மருந்துகள்: தலையை அளந்து, மருந்தைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

முன்நெற்றி ஏறத் தொடங்கிய காலத்தில் ஒரு திரவத்தை ஆறு மாதம் தடவிவிட்டு, அது வேலை செய்கிறது என்று உறுதியாக நம்பினேன். கைபேசியில் இரண்டு படங்கள் இருந்தன. முதல் படத்தில் உச்சந்தலை வெளிறித் தெரிந்தது. இரண்டாவதில் கருமை கூடியிருந்தது. பிறகுதான் கவனித்தேன்: முதல் படம் எடுத்தபோது தலைக்கு நேர் மேலே குளியலறை டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது, தலையும் ஈரமாக இருந்தது. இரண்டாவது ஜன்னலோரத்தில், தலை காய்ந்து, முடி ஒரு விரற்கடை நீண்டிருந்தபோது எடுத்தது. மருந்து என்ன செய்தது என்று சொல்ல என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. பாட்டிலில் தொகுதி எண்கூட இல்லை.

அந்த ஆறு மாதத்தை இன்னொருவர் இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். புதிய மருந்து தேடுகிறவர்கள் பெரும்பாலும் மருந்தின் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். நான் அளவிலிருந்து தொடங்கச் சொல்வேன். தன் தலையில் முடி எவ்வளவு என்றும், தன் அளவீட்டில் பிழை எவ்வளவு என்றும் தெரியாதவருக்கு எந்த மருந்தும் வேலை செய்வதுபோலவே தோன்றும், அல்லது எதுவுமே வேலை செய்யாததுபோலத் தோன்றும்.

முதல் படி: இது அந்த வழுக்கைதானா?

ஆண்களின் பரம்பரை வழுக்கைக்கு அடையாளமான வடிவம் உண்டு. நெற்றியின் இரு ஓரங்களும் உள்வாங்கும், உச்சந்தலை வட்டமாக மெலியும், பின்தலையும் காதோரமும் அடர்த்தியாகவே நிற்கும். ஜேம்ஸ் ஹாமில்டன் 1951-இல் வகுத்து, நார்வுட் 1975-இல் திருத்திய ஏழு நிலை அளவுகோலைத்தான் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதே ஹாமில்டன் 1942-இல் காட்டியது இன்னும் முக்கியம். பருவமடைவதற்கு முன்பே விரை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, வழுக்கை வரும் குடும்பத்தைச் சேர்ந்தவர்களுக்கு முடி உதிரத் தொடங்கியது. டெஸ்டோஸ்டிரோன் தோலில் டிஎச்டி என்ற வீரியம் கூடிய வடிவத்துக்கு மாறி, வேர்ப்பையைச் சுருக்குகிறது என்பது பின்னர் தெளிவானது. இன்றைய புதிய மருந்துகளில் பாதி இந்த ஒரே இடத்தைத்தான் குறிவைக்கின்றன.

நாணயம் வைத்தாற்போல் வட்டமாகக் கொட்டினால் அது புழுவெட்டு. தோல் சிவந்து, எரிந்து, தழும்பாகி, வேர்த்துளையே தெரியவில்லை என்றால் அது தழும்பு வழுக்கை. இரண்டுக்கும் இந்த மருந்துகள் பொருந்தாது. இரண்டாவதில் தாமதம் நிரந்தர இழப்பு, அதனால் அன்றே தோல் மருத்துவரிடம் போங்கள்.

மூன்றாவது ஒரு குழப்பம் உண்டு, நம் ஊரில் அடிக்கடி நடப்பது. டெங்குவோ டைபாய்டோ வந்து போய், இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுவதும் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பட்டினி கிடந்து எடையைக் குறைத்தாலும் இப்படியே. வேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போனதால் வரும் உதிர்வு இது, பெரும்பாலும் தானாகவே சரியாகும். அந்த நேரத்தில் எந்த எண்ணெயைத் தடவினாலும் முடி முளைக்கும், புகழ் எண்ணெய்க்குப் போகும். காய்ச்சல் வந்து ஆறு மாதம் ஆகாதவர்கள் எந்தச் சோதனையையும் தொடங்க வேண்டாம்.

இரண்டாம் படி: மருந்துக்கு முன் ஒரு மாதம் அளப்பது

எதையும் தடவாமல், அல்லது ஏற்கெனவே தடவிவரும் மருந்தை மட்டும் மாற்றாமல் தொடர்ந்து, நான்கு வாரம் அளக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் பகுதி இதுதான். இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் பிறகு எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

படத்திலிருந்து தொடங்கலாம். ஒரே அறை, ஒரே விளக்கு, ஜன்னல் மூடியது, ஃபிளாஷ் அணைத்தது. நாற்காலியின் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியை ஸ்டாண்டில் பொருத்துங்கள், ஜூம் வேண்டாம். தலை முந்தைய நாள் மாலை கழுவியதாக, எண்ணெய் இல்லாமல், முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். முடி வெட்டிய ஐந்தாம் நாள் என்று வைத்துக்கொண்டால் நீளமும் ஒன்றாக இருக்கும். முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அந்த ஒரு சென்டிமீட்டரே உச்சந்தலையை மறைத்துவிடப் போதும். முன்நெற்றி, இரு ஓரங்கள், குனிந்த நிலையில் உச்சி என்று நான்கு படங்கள். ஆய்வுக்கூடங்களில் தாடையும் நெற்றியும் அசையாமல் பொருத்தும் சட்டத்தை வைத்துத்தான் இப்படிப் படமெடுக்கிறார்கள். வீட்டில், தாடை வைக்க ஒரே உயரத்தில் அடுக்கிய புத்தகங்கள் அந்த வேலையைச் செய்யும்.

உதிர்வை அளக்கச் செலவே இல்லாத ஒரு முறை உண்டு. அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட அறுபது வினாடிச் சீப்புச் சோதனை அது. தொடர்ந்து மூன்று நாள் காலையில் ஒரே ஷாம்புவால் தலைகுளியுங்கள். நான்காம் நாள் குளிப்பதற்கு முன், முடியின் நிறத்துக்கு மாறான துண்டை விரித்து, அதன்மேல் குனிந்து, உச்சியிலிருந்து முன்நெற்றி நோக்கி அறுபது வினாடி சீவுங்கள். சீப்பிலும் துண்டிலும் விழுந்ததை எண்ணுங்கள். வழுக்கை இல்லாத ஆண்களிடம் சராசரி ஏறக்குறைய 10 முடிதான் விழுந்தது, ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரியதாக இருந்தது. அதனால் ஊரார் சராசரியோடு ஒப்பிடாமல், உங்கள் எண்ணை உங்கள் எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அடர்த்தியை எண்ணுவதுதான் கடினம், பலன் தருவதும் அதுவே. மருத்துவ ஆய்வுகளில் தலையில் ஒரு புள்ளியைப் பச்சை குத்தி, அதைச் சுற்றி ஒரு சதுர சென்டிமீட்டர் வட்டத்தில் முடியை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டி, பெரிதாக்கிப் படமெடுத்து எண்ணுகிறார்கள். நாம் பச்சை குத்த வேண்டியதில்லை. தையல்காரர் டேப்பை எடுத்து, இரு புருவங்களுக்கு நடுவிலிருந்து தலை நடுக்கோட்டில் பின்னோக்கி எத்தனை சென்டிமீட்டர், வலது காதின் மேல் நுனியிலிருந்து எத்தனை, இடது காதிலிருந்து எத்தனை என்று மூன்று எண்களைக் குறித்துக்கொண்டால் அதே இடத்துக்குத் திரும்ப வர முடியும். அருகில் மச்சம் இருந்தால் இன்னும் நல்லது. பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் 11.3 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு துளை வெட்டுங்கள், அதன் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர். பத்து மில்லிமீட்டர் துளை போட்டால் பரப்பு 0.785 ஆகிவிடும். ஆய்வு எண்களோடு ஒப்பிடும்போது அது உங்களைக் குழப்பும்.

தலையை இயந்திரத்தால் ஒட்ட வெட்டிக்கொள்பவர்களுக்கு இது எளிது. ஃபிலிமை வைத்து, நெருக்கத்தில் படமெடுத்து, ஏ4 தாளில் பெரிதாக அச்செடுத்து, எண்ணிய ஒவ்வொரு முடிமீதும் சிவப்புப் பேனாவால் புள்ளி வையுங்கள். வேர் வட்டத்துக்குள் இருந்தால் கணக்கில் உண்டு, நுனி மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் இல்லை. நூலிழையாக வெளிறித் தெரியும் பூனைமுடியை எண்ண வேண்டாம். ஆய்வுகளும் பொதுவாக 0.03 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த முடியைத்தான் கணக்கில் கொள்கின்றன. முடியை நீளமாக வைத்திருப்பவர்கள், அதே மூன்று எண்களால் குறித்த இடத்தில் வகிடு எடுத்து, அதன் அகலத்தைச் சிறு அளவுகோலோடு சேர்த்துப் படமெடுக்கலாம்.

இப்போது பிழை. என் முதல் மாதத்தில் வாரம் ஒரு முறை எண்ணியபோது கிடைத்தவை 142, 151, 139, 148. ஒரு மருந்தும் தடவவில்லை. சராசரி 145, ஆனால் மேலுக்கும் கீழுக்கும் 12 முடி வித்தியாசம். ஃபிலிம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தது, விளக்கு சற்றுச் சாய்ந்தது, கண் களைத்தது, அவ்வளவுதான். இந்த 12 தெரிந்த பிறகு, ஆறு மாதம் கழித்து 150 வந்தால் அதை வளர்ச்சி என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று புரிந்தது. தேதியிட்டு நோட்டில் எழுதி வைத்தேன்: சராசரி 165-ஐத் தாண்டினால் வளர்ச்சி, 125-க்குக் கீழே போனால் இழப்பு, இடைப்பட்டது நிலைத்திருப்பது. முடிவைப் பார்த்த பிறகு கோட்டை நகர்த்தத்தான் மனம் விரும்பும். கோட்டை முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: ஆய்வு எண்களைப் படிக்கும் முறை

முடி வளரத் தலையில் தடவும் மினாக்சிடில் என்ற மருந்தின் 2 சதவீதத் திரவத்தைவிட 5 சதவீதத் திரவம் 45 சதவீதம் கூடுதலாக முடி வளர்க்கிறது என்று விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். அது பொய்யில்லை. 2002-இல் வெளியான, 393 ஆண்கள் பங்கேற்ற 48 வார ஆய்வின் முடிவு அது. ஆனால் அதே ஆய்வின் நேர் எண்களைப் பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டரில் 5 சதவீதக் குழுவுக்குக் கூடியது 18.6 முடி, 2 சதவீதக் குழுவுக்கு 12.7, மருந்தே இல்லாத வெற்றுத் திரவம் தடவியவர்களுக்கு 3.9. அதாவது 45 சதவீதம் என்பது ஆறு முடி. என் எண்ணும் பிழையில் பாதி.

வெற்றுத் திரவக் குழுவிலும் ஏறக்குறைய நான்கு முடி கூடியதைக் கவனியுங்கள். உதிர்வு உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் மருந்து தேடுகிறார்கள். உச்சத்துக்குப் பிறகு இறக்கம் தானாகவே வரும். பருவமும் ஒரு காரணம். பிரிட்டனில் ஆண்களை ஒன்றரை ஆண்டு கண்காணித்த ஆய்வில், ஆகஸ்ட் – செப்டம்பரில் கொட்டிய முடி குளிர்காலத்தில் கொட்டியதைப்போல இரு மடங்குக்கும் மேல் இருந்தது. எனவே வெற்றுத் திரவக் குழு இல்லாத ஆய்வை நான் கணக்கில் எடுப்பதில்லை. “முன்பு இருந்ததைவிட இவ்வளவு கூடியது” என்று மட்டும் சொல்லும் நிறுவன அறிக்கைகளும் அப்படியே.

எதிர்ப்பக்கமும் ஒரு பாடம் உண்டு. டிஎச்டி உருவாவதைக் குறைக்கும் ஃபினாஸ்டெரைடு மாத்திரையின் ஐந்தாண்டு ஆய்வில் ஓர் அங்குல விட்டமுள்ள வட்டத்தில் எண்ணினார்கள், தொடக்கத்தில் சராசரி 876 முடி. ஐந்தாண்டு முடிவில் மாத்திரை எடுத்தவர்களுக்குக் கூடியது 38 மட்டுமே. அற்பமாகத் தெரியும். ஆனால் வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 239 முடியை இழந்திருந்தார்கள். உண்மையான பலன் 277. வழுக்கை நிற்காமல் நடந்துகொண்டிருக்கும் நோய், அதனால் உங்கள் நோட்டில் “நிலைத்திருப்பது” என்று வந்தாலே ஓராண்டுக்குப் பிறகு அது நல்ல செய்தி.

ஆக, எந்த மருந்தின் பெயரைக் கேட்டாலும் நான் தேடுவது இவை: வெற்றுத் திரவத்தைவிட ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை முடி கூடுதல், எத்தனை மாதம் பார்த்தார்கள், ரத்தத்தில் எவ்வளவு கலந்தது. மூன்றுக்கும் விடை இல்லையென்றால் அது இன்னும் ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டிய பொருள்.

நான்காம் படி: வரிசையில் நிற்கும் மருந்துகள்

மினாக்சிடில் அடித்தளம். ரத்த அழுத்த மாத்திரையாக வந்து, உடலெங்கும் முடி வளர்த்ததைக் கண்டு, 1988-இல் அமெரிக்காவில் 2 சதவீதத் திரவமாக வழுக்கைக்கு அனுமதி பெற்றது. ஆண்களுக்கான 5 சதவீதம் 1997-இல் வந்தது. முதல் சில வாரங்களில் உதிர்வு கூடும். பழைய முடியைத் தள்ளிப் புதியது கிளம்புவதன் அடையாளம் அது, பயந்து நிறுத்த வேண்டாம். அரிப்பு வந்தால் பல நேரங்களில் குற்றவாளி மருந்தில்லை, அதைக் கரைத்திருக்கும் புரொப்பிலீன் கிளைகால். நுரை வடிவத்துக்கு மாறினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வேர்ப்பையில் உள்ள ஒரு நொதி மினாக்சிடிலைச் சல்ஃபேட் வடிவத்துக்கு மாற்றினால்தான் அது வேலை செய்யும். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்குப் பலனும் குறைவு. ஓராண்டு மினாக்சிடிலை ஒழுங்காகத் தடவி அளந்து பார்க்காதவர் சோதனை மருந்துகளை நாடக் காரணமே இல்லை என்பது என் திடமான எண்ணம்.

மேற்பூச்சு ஃபினாஸ்டெரைடு அடுத்தது. 2022-இல் வெளியான மூன்றாம் கட்ட (அனுமதிக்கு முந்தைய பெரிய) ஆய்வில் 24 வாரத்தில் மேற்பூச்சுக்கு 20.2 முடி, மாத்திரைக்கு 21.1, வெற்றுத் திரவத்துக்கு 6.7. பலன் ஏறக்குறைய மாத்திரைக்குச் சமம். ரத்தத்தில் டிஎச்டி மாத்திரையால் 55.6 சதவீதம் குறைந்தது, மேற்பூச்சால் 34.5 சதவீதம். “தலையோடு நின்றுவிடும், உடலுக்குள் போகாது” என்று விற்பவர்கள் இந்த 34.5-ஐச் சொல்வதில்லை. ஐரோப்பாவில் சில நாடுகள் இதை அனுமதித்திருக்கின்றன, அமெரிக்காவில் அனுமதி இல்லை. அங்கே மருந்தகங்கள் கலந்து விற்கும் வடிவங்களைப் பற்றி அந்நாட்டு மருந்து ஆணையம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. 2019 முதல் 2024 வரை 32 புகார்கள் வந்திருந்தன: ஆண்மைக்குறைவு, பதற்றம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம். நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாகச் சிலர் சொல்லியிருந்தார்கள். மனச்சோர்வு வரலாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் இதைத் தொட வேண்டாம்.

க்ளாஸ்கோடெரோன் டிஎச்டி உற்பத்தியைத் தடுப்பதில்லை. டிஎச்டி போய் உட்காரும் ஏற்பியைத் தோலிலேயே அடைத்துக்கொள்கிறது. 1 சதவீதக் களிம்பு முகப்பருவுக்கு 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வழுக்கைக்கான 5 சதவீதத் திரவத்தின் இரண்டு மூன்றாம் கட்ட ஆய்வுகளின் முதல் முடிவுகள் 2025 டிசம்பரில் வந்தன. ஒன்றில் வெற்றுத் திரவத்தைவிட 539 சதவீத முன்னேற்றம், மற்றொன்றில் 168 சதவீதம் என்று தலைப்புச் செய்திகள் பறந்தன. மூன்றாம் படியை நினைவில் கொள்ளுங்கள். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: வெற்றுத் திரவக் குழுவில் இரண்டே முடி கூடி, மருந்துக் குழுவில் 12.8 கூடினால் அதுவே 540 சதவீதம். ஒரே மருந்து, ஒரே அளவு, இரண்டு ஆய்வுகளில் 539-உம் 168-உம் வருவதே, இந்த வகைச் சதவீதம் வெற்றுக் குழுவின் சிறு எண்ணைப் பொறுத்து எப்படி ஆடும் என்பதைக் காட்டிவிடுகிறது. இந்த மருந்தின்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் சதவீதத்தைக் கேட்டால் முடியின் எண்ணிக்கையைக் கேளுங்கள்.

பைரிலுடமைடு இதே வகை, சீனாவில் உருவானது. அதன் கதையை நான் எல்லோருக்கும் சொல்வேன். இரண்டாம் கட்ட ஆய்வில் வெற்றுத் திரவத்தைவிட ஏறக்குறைய 15 முடி கூடுதலாகக் காட்டியது. உலகெங்கும் இளைஞர்கள் அதைத் தேடி வாங்கத் தொடங்கினார்கள். 2023 நவம்பரில் மூன்றாம் கட்ட முடிவு வந்தபோது, வெற்றுத் திரவத்தோடு குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இடைப்பட்ட காலத்தில் பணம் கொடுத்துத் தடவியவர்கள் யாரும் ஏமாளிகள் அல்லர், ஒரு நல்ல இரண்டாம் கட்ட முடிவை நம்பியவர்கள். சிறிய ஆய்வில் எழும் பெரிய எண் பெரிய ஆய்வில் கரைவது மருத்துவத்தில் அன்றாட நிகழ்வு.

பிபி405 இந்த வரிசையில் இளையது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பிறந்த யோசனை. ஹார்மோனைத் தொடாமல், உறங்கும் வேர்த் தண்டணுக்களின் சக்தி வழியை மாற்றி அவற்றை எழுப்பப் பார்க்கிறது. 2025-இல் வெளியான முதல்கட்டத் தகவலில், வழுக்கை முற்றிய ஆண்களில் 31 சதவீதத்தினருக்கு எட்டாவது வாரத்தில் அடர்த்தி 20 சதவீதத்துக்கும் மேல் கூடியது, வெற்றுக் குழுவில் ஒருவருக்கும் இல்லை. பங்கேற்றவர்கள் மொத்தமே 78 பேர். பைரிலுடமைடின் பாடம் இதற்கும் பொருந்தும். இந்தப் பெயரில் இன்று இணையத்தில் விற்கப்படும் பாட்டில்களுக்கு அந்த ஆய்வோடு எந்தத் தொடர்பும் இல்லை.

ஆர்யூ58841 பிரான்ஸில் உருவாகி, குரங்குகளில் முடி வளர்த்து, எந்த நாட்டிலும் அனுமதி பெறாமல் கைவிடப்பட்டது. இன்று “ஆராய்ச்சிக்கு மட்டும்” என்ற சீட்டோடு தூளாக வருகிறது. வேண்டாம். காரணத்தை அடுத்த படியில் அளவோடு சொல்கிறேன்.

சமையலறைப் பொருட்களில் அதிகம் பேசப்படுவது ரோஸ்மேரி எண்ணெய். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 2015 ஈரான் ஆய்வில் 100 பேர். ஒப்பிட்டது 2 சதவீத மினாக்சிடிலோடு, வெற்றுத் திரவக் குழு இல்லை. இரு பக்கமும் ஆறு மாதத்தில் கூடியது சில முடிகளே. வெங்காயச் சாறுக்கும் செம்பருத்திக்கும் அந்த அளவு ஆதாரமும் இல்லை. முடிக்கு மென்மை தரும் என்று தடவுவதில் தவறில்லை.

நுண் ஊசிகள் பதித்து, தலைமேல் உருட்டும் ஊசி உருளையைப் பற்றியும் கேட்பீர்கள். மும்பையில் 2013-இல் நடந்த ஆய்வில் 100 ஆண்கள், 12 வாரம். வாரம் ஒரு முறை 1.5 மில்லிமீட்டர் ஊசி உருளையும் மினாக்சிடிலும் சேர்ந்தபோது கூடியது 91.4 முடி, மினாக்சிடில் மட்டும் என்றால் 22.2. வேறெந்த மருந்தும் தொடாத உயரம் என்பதாலேயே எச்சரிக்கையோடு படிக்கிறேன். துளையிட்ட தோலில் அன்றே எந்தத் திரவத்தையும் தடவாதீர்கள். தோல் என்ற தடுப்பை நீக்கிவிட்டு மருந்தை நேராக ரத்தத்துக்கு அனுப்புவது அது.

ஐந்தாம் படி: பாட்டிலில் உள்ளதை மில்லிகிராமாக மாற்றுவது

சதவீதத்தைப் பத்தால் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டரில் உள்ள மில்லிகிராம் கிடைக்கும். 5 சதவீத மினாக்சிடிலில் மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் பல விஷயங்கள் வெளிச்சத்துக்கு வரும்.

நம் மருந்துக்கடைகளில் மினாக்சிடில் 5 சதவீதமும் ஃபினாஸ்டெரைடு 0.1 சதவீதமும் சேர்ந்த திரவம் பரவலாகக் கிடைக்கிறது. 0.1 என்றால் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம். காலையும் இரவும் ஒரு மில்லிலிட்டர் தடவினால் நாளுக்கு 2 மில்லிகிராம் ஃபினாஸ்டெரைடு தலைமேல் விழுகிறது. வழுக்கைக்கான மாத்திரையே 1 மில்லிகிராம்தான். மேலே சொன்ன 2022 ஆய்வில் கால் சதவீதத் தெளிப்பு மருந்தை நாளுக்கு அதிகபட்சம் 200 மைக்ரோலிட்டர் (0.2 மில்லிலிட்டர்)தான் கொடுத்தார்கள், அரை மில்லிகிராமுக்குள். அந்த அளவிலேயே ரத்த டிஎச்டி மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 0.1 என்ற எண் 0.25-ஐவிடச் சிறியது என்பதால் மென்மையான மருந்து என்று நினைத்துத் தடவுகிறவர்கள் இதை ஒரு முறை எழுதிப் பார்க்க வேண்டும். எத்தனை மில்லிலிட்டர், நாளுக்கு எத்தனை முறை என்பதை மருத்துவரிடம் இந்தக் கணக்கோடு கேளுங்கள்.

டிராப்பரின் கோடுகளையும் தெளிப்பானையும் அப்படியே நம்பாதீர்கள். ஊசியில்லாத சிரிஞ்சை வாங்கி, தெளிப்பானைச் சின்னக் கிண்ணத்தில் பத்து முறை அழுத்தி, உறிஞ்சி அளந்து பத்தால் வகுங்கள். ஒரு அழுத்தத்துக்கு எவ்வளவு என்பது அப்போது தெரியும்.

தூள் வாங்கி வீட்டில் கரைப்பவர்களுக்கு வருகிறேன். நகைக்கடைச் சிறு தராசு 0.01 கிராம் காட்டும், அதாவது 10 மில்லிகிராம். ஐம்பது மில்லிகிராம் தூளை அதில் நிறுத்தால் உண்மையில் 45-ஆகவும் இருக்கலாம், 55-ஆகவும் இருக்கலாம். அதுவும் தராசு புதிதாக, சரியாக இருந்தால். தூள் தூய்மையானதா என்பதை யாரும் சோதிக்கவில்லை. மனிதனுக்குப் பாதுகாப்பான அளவு எது என்பதை எந்த ஆணையமும் நிறுவவில்லை. அளக்க முடியாத அளவில், தெரியாத தூய்மையில், தெரியாத எல்லையை நோக்கி நடப்பதை என்னால் சோதனை என்று அழைக்க முடியாது.

தொழிற்சாலையில் நிரப்பியதை வாங்கினாலும் உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி, உற்பத்தியாளர் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

ஆறாம் படி: வீட்டில் உள்ளவர்கள்

தலையணை உறையை மறந்துவிடுகிறோம். இரவு தடவிய திரவம் காய இரண்டு மணி நேரமாவது வேண்டும். கர்ப்பிணியின் கையில் ஃபினாஸ்டெரைடு படக் கூடாது, வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். அப்பாவின் மினாக்சிடில் பட்ட தோலோடு ஒட்டி உறங்கிய கைக்குழந்தைகளுக்கு உடலெங்கும் முடி வளர்ந்த நிகழ்வுகள் ஐரோப்பாவில் பதிவாகியுள்ளன. மருந்துத் தொடர்பு நின்றதும் அது மறைந்தது. பூனைக்கு மினாக்சிடில் விஷம், நக்கினால் உயிரே போகலாம். தடவிய உடன் கையைச் சோப்பால் கழுவுங்கள், பாட்டிலைப் பூட்டி வையுங்கள்.

இதய நோய் உள்ளவர்கள் மினாக்சிடிலுக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். நெஞ்சுப் படபடப்பு, கால் வீக்கம், தலைச்சுற்றல் வந்தால் நிறுத்துங்கள். ஃபினாஸ்டெரைடு புராஸ்டேட் ரத்தப் பரிசோதனை எண்ணைப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், ஐம்பது வயதைத் தொட்டவர்கள் பரிசோதனைக்கு முன் அதைத் தடவுவதைச் சொல்ல வேண்டும். ரத்த தானத்துக்கு முன்பும் சொல்ல வேண்டும்.

ஏழாம் படி: ஓட்டமும் தீர்ப்பும்

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். புதிய திரவத்தோடு புதிய ஷாம்புவையும் புதிய வைட்டமினையும் சேர்த்துத் தொடங்கினால் எது என்ன செய்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். மாதம் ஒரு முறை படமும் சீப்புச் சோதனையும் போதும். எண்ணிக்கையை மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில் எடுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே வாரத்தில் மூன்று நாள் எண்ணிச் சராசரி பாருங்கள். தினமும் கண்ணாடி முன் நின்று விரலால் கோதிப் பார்ப்பது அளவீடு ஆகாது, அது மனத்தைத்தான் தேய்க்கும்.

ஆறாம் மாதத்தில் ஒரு வேலை செய்யுங்கள். தொடக்கப் படங்களையும் இப்போதைய படங்களையும் தேதி நீக்கி, அ, ஆ, இ, ஈ என்று கலைத்துப் பெயரிட்டு, அக்காவிடமோ நண்பரிடமோ கொடுத்து, முடி அடர்ந்தது எது என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். எது முன்னது, எது பின்னது என்று சொல்லாதீர்கள். பெரிய ஆய்வுகளில் நிபுணர்கள் இப்படித்தான் மதிப்பிடுகிறார்கள். நான் இப்படி அளந்து பார்த்த முதல் திரவத்தின் படங்களை என் அக்கா வரிசைப்படுத்தியபோது, தொடக்கப் படங்களில் ஒன்றைத்தான் மிக அடர்ந்தது என்று முதலில் வைத்தாள். மினாக்சிடிலின் ஓராண்டுப் படங்களை, ஒரு வார்த்தை கேட்காமல், சரியான வரிசையில் அடுக்கினாள்.

பன்னிரண்டாம் மாதம் நோட்டைத் திறந்து, முன்பே போட்ட கோடுகளோடு ஒப்பிடுங்கள். வளர்ச்சிக் கோட்டைத் தாண்டியிருந்தால் தொடருங்கள். நிலைத்திருந்தால், தொந்தரவு இல்லையென்றால், தொடருங்கள். இழப்புக் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் மருத்துவரிடம் நோட்டையே எடுத்துப் போங்கள். எண்களோடு வரும் நோயாளியிடம் பேச்சு வேறு தளத்தில் தொடங்கும்.

நிறுத்த முடிவு செய்தாலும் அளப்பதை நிறுத்தாதீர்கள். மினாக்சிடில் வளர்த்த முடி, நிறுத்திய மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் உதிர்ந்துவிடும். நிறுத்திய நாளைச் சிவப்பில் குறித்து, அடுத்த ஆறு மாதமும் அதே நாற்காலி, அதே விளக்கு, அதே துண்டு. எண்ணிக்கை சரிந்தால் மருந்து வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள், மீண்டும் தொடங்குவது பற்றி மருத்துவரிடம் பேசலாம். அசையாமல் நின்றால், அந்தப் பாட்டிலுக்கு மாதாமாதம் ஒதுக்கிய பணத்தை வேறு எதற்காவது ஒதுக்கிக்கொள்ளலாம்.